பி.ஏ. சமூகவியல்: மூன்று வருடம் என்ன படிக்கப் போகிறீர்கள்?

கேட்டவர் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப் முடித்த மாணவி. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் கிடைக்கும்போல் இருக்கிறது. மூன்று வருடம் என்னென்ன பாடம் வரும், எல்லாம் மனப்பாடம்தானா, "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அவருடைய கேள்வி. இந்தப் பாடத்தைக் கல்லூரியில் பல வருடம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சேர்வதில் தடை எதுவும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் எந்த குரூப் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இது தனிப் பாடமாக இல்லை; சி.பி.எஸ்.இ.யிலும் கேரளத்திலும் உண்டு. அதனால் இங்கே வகுப்பில் உட்காருகிற எல்லோருமே புதிதாகத்தான் தொடங்குகிறார்கள். ஒரு சிலர் இது பத்தாம் வகுப்பு சமூக அறிவியலின் தொடர்ச்சி என்று நினைத்து வருகிறார்கள். நிறையப் பேர் சமூக சேவை என்று நினைத்து வருகிறார்கள். இரண்டும் இல்லை.

இரண்டாவது குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். சமூகப்பணி என்பது தனிப் பட்டம்: பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. ஓர் ஊரில் ஒன்பதாம் வகுப்போடு பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்று வையுங்கள். அவர்களைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்பதைச் சமூகப்பணி கற்றுக்கொடுக்கும். ஏன் இந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏன் நிற்கவில்லை, அதற்குக் காரணம் என்று ஊரார் சொல்வது சரிதானா, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பது சமூகவியல். உங்கள் மனசு முதலாவதில் இருந்தால் அங்கேயே சேருங்கள். சென்னை எழும்பூரில், 1952-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்ற இடங்கள் அதற்கென்றே இருக்கின்றன. பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. போகிறவர்களும் உண்டு; அந்தக் கதவு மூடுவதில்லை.

இனி பாடங்கள். மொத்தம் ஆறு செமஸ்டர். தொடக்கத்தில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி பகுதி ஒன்று தமிழுக்கும் பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கும் போய்விடும். மேஜர் பேப்பர் இரண்டோடு ஒரு அலைடு பேப்பர், அதாவது துணைப் பாடம் வரும். அது உளவியலாக இருக்கலாம், பொருளியலாக இருக்கலாம், கல்லூரியைப் பொறுத்தது. பேப்பர்களின் வரிசையும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நான் சொல்வதைப் பொதுவான போக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டரில் வருவது சமூகவியல் அடிப்படைகள். சமூகம், குழு, நிறுவனம், பண்பாடு, சமூகமயமாதல், அந்தஸ்து, பங்கு என்று வரையறைகளாக வரும். மறைக்காமல் சொல்கிறேன், மூன்று வருடத்தில் அலுப்பூட்டுகிற பேப்பர் இதுதான். மெக்கைவர் இப்படிச் சொன்னார், கின்ஸ்லி டேவிஸ் அப்படிச் சொன்னார் என்று நோட்ஸ் கொடுத்து எழுத வைக்கிற வகுப்புகள் இன்னும் இருக்கின்றன. சங்கர் ராவ் எழுதிய தடித்த பாடப்புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்த வரையறைகள் எதற்கு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் இதே பேப்பர் வேறு மாதிரி ஆகிவிடும்.

'குடும்பம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் கல்யாணமாகி ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே அடுப்பில் சமையல், ஆனால் ரேஷன் கார்டு இரண்டு. ரேஷன் கடைக்கு அவர்கள் இரண்டு குடும்பம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சேர்ந்து வாழ்ந்து பொதுவான சமையலில் சாப்பிடுகிறவர்களை ஒரே குடித்தனமாகக் கணக்கிடும். அதற்கு அவர்கள் ஒன்று. கொஞ்ச நாளில் தம்பி மாடியில் தனி அடுப்பு வைத்துக்கொள்கிறார், ஆனால் நிலம் இன்னும் பொதுவில் இருக்கிறது, அப்பாவின் மருத்துவச் செலவை இருவரும் பகிர்கிறார்கள். இப்போது கூட்டுக் குடும்பம் உடைந்துவிட்டதா? "கூட்டுக் குடும்பமெல்லாம் அழிந்துபோச்சு" என்று டீக்கடையிலும் பட்டிமன்றத்திலும் நாம் கேட்கிற பேச்சு இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. குடித்தனம் வேறு, குடும்பம் வேறு என்பதை ஐ.பி. தேசாய், ஏ.எம். ஷா போன்ற சமூகவியலாளர்கள் குஜராத் ஊர்களில் வீடு வீடாக ஆராய்ந்து காட்டினார்கள். வரையறை என்பது எதை எண்ணுகிறோம் என்பதில் தெளிவாக இருப்பதற்கான கருவி. அவ்வளவுதான்.

அடுத்தது இந்தியச் சமூகம். படிப்பின் உயிர் இந்தப் பேப்பரில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இந்தியாவில் இந்தத் துறையின் பழைய வீடு பம்பாய்ப் பல்கலைக்கழகம். 1919-இல் பேட்ரிக் கெடஸ் தலைமையில் அங்கே துறை தொடங்கியது. அவருக்குப் பின் வந்த ஜி.எஸ். குர்யே 1932-இல் சாதியையும் இனத்தையும் பற்றி எழுதிய நூல் இன்றும் பாடத்தில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த அம்பேத்கர் ஒரு கருத்தரங்கில் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தொழில் பிரிவு, தீட்டு என்று மற்றவர்கள் அடுக்கிய பண்புகளை ஓரமாக வைத்துவிட்டு, சாதியின் சாரம் அகமணம்தான், சொந்த வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் முடிப்பதுதான் என்றார். அந்தக் கட்டுரையை முழுசாகப் படியுங்கள். சின்னதுதான். இருபத்தைந்து வயதில் ஒருவர் இப்படி யோசித்திருக்கிறார் என்பதே உங்களுக்குத் தெம்பு தரும்.

இதை வகுப்பில் நடத்தும்போது நான் தரும் பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் குடும்பத்தில் தாத்தா பாட்டி தலைமுறையிலிருந்து நடந்த கல்யாணங்களை எல்லாம் ஒரு தாளில் வரைந்து, எத்தனை சாதிக்கு வெளியே நடந்தது என்று பாருங்கள். தாளை என்னிடம் தர வேண்டாம், பக்கத்தில் இருப்பவருக்கும் காட்ட வேண்டாம். "இப்பெல்லாம் யார் சார் சாதி பார்க்கிறாங்க" என்று முந்தின நாள் பேசியவர்கள் மறுநாள் அமைதியாகிவிடுவார்கள். நாடு முழுக்க எடுத்த இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு (2011-12) தரும் கணக்கும் அப்படித்தான்: சாதி மாறிய கல்யாணம் சுமார் 5 சதவீதம். சாதி, மதம், ஆண்-பெண் என்று எது வந்தாலும் உதாரணம் உங்கள் வீட்டிலிருந்தே வரும். அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். சேரும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு வசதி, உலகம் முழுக்கப் படிக்கப்படும் கிராம ஆய்வுகளில் பல நம் ஊர்களில் நடந்தவை. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். நூலில் அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர். ஒரு காலத்தில் நிலம், அதிகாரம், சாதி உயர்வு மூன்றும் அக்ரஹாரத்திலேயே குவிந்திருந்தன. பஞ்சாயத்தும் கட்சி அரசியலும் வந்தபின் அதிகாரம் கைமாறி, மூன்றும் தனித்தனியே நகரத் தொடங்கின என்பது அவர் 1965-இல் வெளியிட்ட நூலின் வாதம். அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அதனால் சேரித் தெருவுக்குள் தன்னால் சுலபமாகப் பழக முடியவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆய்வாளர் எந்தத் தெருவில் வீடு எடுக்கிறார் என்பதே அவருக்கு என்ன தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துமோன் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே வேலை செய்தார். கேத்லீன் கஃப் தஞ்சாவூர்ப் பக்கம். எம்.என். ஸ்ரீனிவாஸ் நமக்குப் பக்கத்து மைசூர்க்காரர். 1948-இல் ராம்புரா என்ற ஊரில் செய்த ஆய்வின் குறிப்புகள் 1970-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோக, பெரும்பாலும் நினைவை வைத்தே ஒரு புத்தகத்தை எழுதி 1976-இல் வெளியிட்டார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கில்பர்ட் ஸ்லேட்டர் கதை. அவர் பொருளியல்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்தவர். 1916 வாக்கில் தன் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் உங்களுக்குத் தெரிந்த கிராமத்துக்குப் போய் விசாரித்து எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், இன்னும் சில ஊர்கள். அது 1918-இல் புத்தகமானது. கதை அதோடு முடியவில்லை. 1930-களில் வேறு ஆட்கள் அதே ஊர்களுக்குப் போனார்கள். அப்புறம் 1960-களில், 1980-களில், இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும். நிலம் யாரிடம் இருந்தது, கூலி என்ன, யார் ஊரை விட்டுப் போனார்கள் என்று ஒரே ஊரை நூறு வருடம் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு உலகத்தில் அரிது. அதற்கு முதல் கல் வைத்தவர்கள் உங்களைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள்.

மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் சமூகவியல் சிந்தனையாளர்கள் வருவார்கள். கோம்த், துர்க்கைம், மார்க்ஸ், வேபர். பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். துர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதியதை மட்டும் சொல்கிறேன். மனிதர் எடுக்கும் முடிவுகளிலேயே மிகத் தனிப்பட்டது என்று நாம் நினைப்பது அது. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் புள்ளிவிவரங்களை அவர் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு நாட்டுக்கும் விகிதம் வருடா வருடம் பெரிதாக மாறாமல் இருந்தது. கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டன்ட்களிடமும், கல்யாணம் ஆனவர்களைவிட ஆகாதவர்களிடமும் அதிகம். ஒருவர் தன்னைச் சுற்றியுள்ளவர்களோடு எவ்வளவு பிணைந்திருக்கிறார் என்பதில் விடை இருக்கிறது என்றார். அவருடைய புள்ளிவிவரம் சரியா என்று பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையும் பாடம்தான். மார்க்ஸையும் வேபரையும் கேள்வி-பதிலாகப் படிக்காமல், அவர்கள் யாரோடு வாதாடுகிறார்கள் என்று பார்த்துப் படித்தால் போதும்.

ஊரகச் சமூகவியல், நகர்ப்புறச் சமூகவியல், தொழில் சமூகவியல், மருத்துவச் சமூகவியல், சமூகப் பிரச்சினைகள் எல்லாம் இடையிடையே வரும். இவற்றில் எது உங்கள் கல்லூரியில் நன்றாக நடக்கும் என்பது ஆசிரியரைப் பொறுத்தது. மக்கள்தொகையியல் கிடைத்தால் விடாதீர்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1931-க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணப்போவதும் அதில்தான். அந்த எண்கள் வரும்போது டி.வி.யில் ஆளாளுக்குப் பேசுவார்கள். அட்டவணையைத் தானே படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பார்கள்.

ஐந்தாவது செமஸ்டரில் ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும். மாணவர்கள் பயப்படுவது இங்கேதான். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான்: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், கொஞ்சம் ஒட்டுறவு, கை-ஸ்கொயர். காமர்ஸ் படித்த உங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்.

ஓர் ஊரில் வீடு வீடாகப் போய் "நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, மாவு அரைத்து விற்று, மாமியாரைப் பார்த்துக்கொள்கிற பெண், "இல்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார். நீங்கள் படிவத்தில் 'வேலை இல்லை' என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள். இப்படி நூறு வீடு போனால் நூறு பொய் சேரும், ஒருவரும் பொய் சொல்லாமலே. அதே பெண்ணிடம் "நேத்து காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் வேறு கதை வரும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்தபோது கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் அதில் செலவிடுவதாக வந்தது. அந்த நிமிடங்கள் எப்போதும் இருந்தவைதான். கேள்வி மாறியதும் கணக்கில் ஏறின.

ஆறாவது செமஸ்டரில் புராஜெக்ட். முந்தின செமஸ்டரில் கற்றதை நீங்களே செய்து பார்க்கிற இடம். நன்றாக நடக்கிற கல்லூரிகளில் மாணவர்கள் பேருந்து நிலையப் பூக்கடைக்காரர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள் தங்கும் அறைகள், தூய்மைப் பணியாளர் குடியிருப்பு என்று போய் வருகிறார்கள். நன்றாக நடக்காத கல்லூரிகளில் ஜெராக்ஸ் கடையில் போன வருட புராஜெக்ட்டை வாங்கி, ஊர்ப் பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியே வந்தபின் இந்த இரண்டு மாணவர்களுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. காரணம், இந்தப் பட்டத்தில் வேலைச் சந்தைக்குக் காட்டக்கூடிய திறமை என்று பார்த்தால் அங்கேதான் கிடைக்கிறது: அறிமுகமில்லாதவரிடம் பேசிச் செய்தி வாங்குவது, அதை ஒழுங்குபடுத்துவது, படித்தால் புரிகிற மாதிரி அறிக்கை எழுதுவது.

வேலை விஷயத்துக்கு வந்துவிட்டேன். வெறும் பி.ஏ.வோடு 'சமூகவியலாளர்' என்று யாரும் வேலை தர மாட்டார்கள். எந்தப் பட்டமும் போதும் என்கிற தேர்வுகளை எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி., வங்கி எல்லாம் அதில் சேரும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியல் ஒரு விருப்பப் பாடம், தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். பொறியியல் படித்தவர்கள்கூட அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நீங்கள் மூன்று வருடம் முன்னாலேயே தொடங்கியிருப்பீர்கள். தொண்டு நிறுவனங்கள், சந்தை ஆய்வு, மனிதவளம், பத்திரிகை, ஆய்வு நிறுவனங்களுக்குக் களப்பணி ஆகியவை மற்ற வழிகள். தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைப் போல இருக்காது, அதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பள்ளி ஆசிரியர் ஆவதுதான் உங்கள் ஆசை என்றால் மட்டும் நன்றாக யோசியுங்கள். மேல்நிலையில் இந்தப் பாடமே இல்லாத மாநிலத்தில் இதற்கு ஆசிரியர் பணியிடம் எங்கிருந்து வரும்? அந்த ஆசைக்கு வரலாறோ தமிழோ ஆங்கிலமோ நேரான வழி. கல்லூரி ஆசிரியர் ஆக எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இங்கே சமூகவியல் துறை உள்ள கல்லூரிகள் குறைவு என்பதால் இடங்களும் குறைவு. மேலே படிக்க சென்னை, அண்ணாமலை, மனோன்மணியம் சுந்தரனார், புதுச்சேரி பல்கலைக்கழகங்களில் துறை இருக்கிறது. வெளியே போக முடிந்தால் ஹைதராபாத், ஜே.என்.யு., 1959-இல் ஸ்ரீனிவாஸ் தொடங்கிய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் துறை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு. நம் பிள்ளைகளை அங்கே போகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் ஆங்கிலமும் தயக்கமும்தான்.

ஆங்கிலம் என்றதும் ஒன்று. பல அரசுக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழில் எழுதலாம், எழுதுங்கள். ஆனால் இந்தத் துறையின் நல்ல நூல்களில் பெரும்பாலானவை தமிழில் வரவில்லை. முதல் வருடத்திலிருந்தே தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் படிக்கிற பழக்கத்தை வைத்துக்கொள்ளாவிட்டால் மூன்றாம் வருடம் நோட்ஸை மட்டும் நம்ப வேண்டிவரும். கல்லூரி திறக்கும் முன் என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு சமூகவியல் புத்தகங்கள் இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிப் படியுங்கள். இந்தியச் சமூகம் பற்றியது ஒன்று, சமூக மாற்றமும் வளர்ச்சியும் பற்றியது இன்னொன்று. எளிய ஆங்கிலம், கல்லூரிப் புத்தகங்கள் பலவற்றைவிட நன்றாக எழுதப்பட்டவை. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயத்தைத் தாண்டியும் கை தானாகப் பக்கத்தைப் புரட்டினால் சேருங்கள். தூக்கம் வந்தால் காமர்ஸிலேயே தொடர்வதில் தப்பில்லை.

கவுன்சிலிங்குக்குப் போகும் முன் ஒருநாள் அந்தக் கல்லூரித் துறைக்கு நேரில் போய்வாருங்கள், அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு. எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், எத்தனை கௌரவ விரிவுரையாளர்கள் என்று கேளுங்கள். களப்பயணம் கடைசியாக எந்த ஊருக்குப் போனார்கள் என்று மூன்றாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள். கொடைக்கானல் என்று பதில் வந்தால் அது வேறு பயணம். போன வருட புராஜெக்ட்டுகளில் நாலைந்தைக் காட்டச் சொல்லிப் புரட்டிப் பாருங்கள். பின்னிணைப்பில் கேள்விப் படிவம் இருக்கும். எல்லாவற்றிலும் அதே கேள்விகள் அதே வரிசையில் இருந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.